கொள்கையும் தொழில்நுட்பமும் மோதும் இக்கட்டுகளுக்கு சிமுலேஷன் விளையாட்டு வடிவமைப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு நிஜச் சிக்கலை ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடிப் பார்ப்பதுதான் சிமுலேஷன் விளையாட்டு. அதை வடிவமைக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்டைகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பலகை, வண்ண டோக்கன்கள், பாத்திரங்களுக்குப் பெயர் என்று இரண்டு வாரம் ஓடிவிடும். அப்புறம் பத்துப் பேரை உட்கார வைத்து ஆடிப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒத்த கருத்துக்கு வந்து எழுந்துவிடுவார்கள். இக்கட்டு எங்கே போனது என்று வடிவமைத்தவருக்கே தெரியாது.

நான் இங்கே சொல்லும் வரிசை தலைகீழானது. கடைசியில் நடக்க வேண்டிய பேச்சை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தேவையானதை மட்டும் பின்னோக்கிக் கட்டுவது. எட்டு முதல் பன்னிரண்டு பேர், மூன்று மணி நேரம், ஒரு நெறியாளர் என்ற அளவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நெடுக ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். உதவித்தொகை பெறுகிறவர்களில் மோசடி செய்கிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு அரசுத் துறை மென்பொருள் வாங்குகிறது. அதை எப்படி ஓட்டுவது என்பதுதான் ஆட்டம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெற்று அட்டைகள், பென்சில், இரண்டு பகடை, ஒரு விரிதாள், ஒரு கடிகாரம். இவை சுலபம். சுலபமில்லாதவை இரண்டு.

ஒன்று, அந்தத் துறையில் வேலை செய்த ஒருவர். உங்கள் எண்களைப் பார்த்து "இப்படி நடக்காது" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால், ஆட்டத்தின் நடுவில் விஷயம் தெரிந்த ஒரு ஆட்டக்காரர் அதைச் சொல்வார். அதற்கப்புறம் யாரும் ஆட்டத்தை நம்ப மாட்டார்கள்.

இரண்டு, ஆட்டத்தைப் பார்த்தே இராத குறைந்தது மூன்று சோதனைக் குழுக்கள். ஒருமுறை ஆடியவர் மறுபடி புதியவர் ஆக முடியாது. அதனால் நண்பர்கள் எல்லோரையும் முதல் சோதனையிலேயே கூப்பிட்டுவிடாதீர்கள். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. கடைசி முக்கால் மணி நேரத்தை முதலில் எழுதுங்கள்

ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவதை நான் அலசல் என்று சொல்கிறேன். கற்றல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஆடும்போது ஆட்டக்காரர்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது, அவர்கள் சமாளித்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே முதல் வேலை, அலசலில் கேட்கப்போகும் மூன்று கேள்விகளை எழுதுவது. நம் உதாரணத்துக்கு: சந்தேகப் பட்டியலில் பெயர் வந்தவரின் பணத்தை விசாரணை முடியும்வரை நிறுத்தலாமா? தவறு தெரிந்த பிறகும் திட்டத்தை மாற்ற ஏன் இவ்வளவு தாமதம்? மென்பொருள் தந்த எண்ணை யார் கேள்வி கேட்டார்கள், யார் கேட்கவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு ஆட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாது என்றால் அந்தச் சம்பவத்தை உண்டாக்கும் விதி இன்னும் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்தில், எந்தக் கேள்விக்கும் உதவாத விதி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

2. இக்கட்டுதானா என்று சோதித்துப் பாருங்கள்

நான் வைத்திருக்கும் சோதனை இது. எல்லாத் தகவலையும் இரண்டு நேர்மையான, விவரம் தெரிந்த மனிதர்களிடம் கொடுங்கள். அப்போதும் அவர்கள் வேறு வேறு முடிவுக்கு வருவார்களா? வந்தால் இக்கட்டு. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தால் அது வெறும் புதிர். விடை தெரிந்ததும் முடிந்துவிடும்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஒரு பக்கத்தில் மக்கள் நலனையும் மறு பக்கத்தில் பேராசையையும் வைப்பது. மக்கள் நலனுக்கு எதிராக யாரும் கை தூக்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்க வேண்டும், அந்த நஷ்டத்துக்கு முகமும் இருக்க வேண்டும். பணத்தை நிறுத்தினால் தவறாகச் சிக்கிய ஒரு குடும்பம் வாடகை கட்ட முடியாமல் போகிறது. நிறுத்தாவிட்டால் நிதி கரைந்து, தகுதியுள்ள புதிய விண்ணப்பதாரர் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கிறார். இரண்டாவது ஆளை மேசைக்குக் கொண்டுவராத ஆட்டங்களே அதிகம்.

3. நடந்ததைப் படித்து, ஒரே பக்கத்தில் சுருக்குங்கள்

கற்பனையில் எழுதினால் நம் முன்முடிவுகள்தான் விதிகளாக வரும். நிஜத்தில் நடந்த இரண்டு மூன்று விவகாரங்களின் விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள். செய்திகளைவிட அறிக்கைகள் நல்லது, ஏனென்றால் யார், எப்போது, என்ன தெரிந்து முடிவெடுத்தார் என்பது அதில்தான் இருக்கும்.

நம் உதாரணத்துக்கு இரண்டு போதும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோர் தவறாக மோசடிக்காரர்கள் ஆக்கப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் பெற்ற திட்டம், ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டு, உதவித்தொகை பெற்றவர் திருப்பிக் கட்ட வேண்டிய கடனைக் கணக்கிட்டது. அதைப் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணைக் குழுவின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது.

அந்தச் சராசரிக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிப் பாருங்கள். ஒருவர் 13 இருவாரங்கள் வேலை பார்த்து, ஒவ்வொன்றிலும் 2,000 சம்பாதிக்கிறார். மீதி 13 இருவாரங்கள் வேலை இல்லை. வருமானம் பூஜ்யம் என்று உண்மையாகவே எழுதிக்கொடுத்து உதவித்தொகை வாங்குகிறார். ஆண்டு வருமானம் 26,000. சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு இருவாரத்துக்கும் 1,000. வேலையில்லாத நாட்களிலும் அவர் 1,000 சம்பாதித்து மறைத்ததாகக் கணினி சொல்கிறது. எந்தப் பொய்யும் சொல்லாதவருக்குக் கடன் கடிதம் போகிறது. இந்த ஒரு அட்டை, பத்துப் பக்கப் பின்னணிக் குறிப்பு செய்யும் வேலையைச் செய்யும்.

படித்ததை எல்லாம் ஆட்டக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் கொடுத்தால் படிக்காமல் வருவார்கள், படித்தவர் மட்டும் மேசையை ஆளுவார்.

4. எண்களை மேசைக்குக் கொண்டுவாருங்கள்

தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட ஆட்டங்களில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். "மென்பொருள் 90 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கும்" என்று எழுதிவிட்டுப் போனால் ஆட்டக்காரர்கள் தலையாட்டிவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்குள் இருப்பதை அவர்களே பிரித்துப் பார்க்க வேண்டும்.

1,00,000 பயனாளிகள், அவர்களில் 1 சதவீதம், அதாவது 1,000 பேர் மோசடி செய்கிறார்கள் என்று வையுங்கள். மென்பொருளுக்கு மூன்று நிலைகள்:

- கடுமை: மோசடியில் 90 சதவீதம் பிடிபடும், நேர்மையானவர்களில் 5 சதவீதம் தவறாகச் சிக்குவார்கள். 900 மோசடிக்காரர்கள், 4,950 அப்பாவிகள். மொத்தம் 5,850.
- நடுத்தரம்: 75 சதவீதம், 2 சதவீதம். 750 பேரும் 1,980 பேரும். மொத்தம் 2,730.
- தளர்வு: 60 சதவீதம், 1 சதவீதம். 600 பேரும் 990 பேரும். மொத்தம் 1,590.

கடுமையான நிலையில் பட்டியலில் இருக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 85 பேர் நிரபராதிகள். தளர்வான நிலையிலும் 62 பேர். நேர்மையானவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதால் சின்ன பிழை விகிதமும் பெரிய கூட்டத்தைப் பிடிக்கிறது. இதை நெறியாளர் விளக்கவே கூடாது. விரிதாளை ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்து அவரே மேசையில் வாசிக்கட்டும். தானே கணக்குப் போட்டு வந்த எண்ணை மனிதர்கள் லேசில் விட மாட்டார்கள்.

அடுத்து பரிசீலனைத் திறன். முதல் சோதனையில், துறை ஒரு சுற்றில் 1,500 வழக்குகளைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். தளர்வான நிலையில் 90 வழக்குகள்தான் மிஞ்சின. எல்லோரும் அதற்கே ஓடினார்கள், பத்து நிமிடத்தில் ஆட்டம் செத்துவிட்டது. பிழை விதியில் இருந்தது. பிடிபடாமல் போன 400 பேருக்கு மேசையில் எந்த விளைவும் இல்லை.

திருத்தம் இரண்டு. திறனை 1,000 ஆகக் குறைத்தேன். எந்த நிலையை எடுத்தாலும் வரிசை நிற்கும். தவறவிட்ட ஒவ்வொரு 100 மோசடிக்கும் ஒரு புதிய விண்ணப்பதாரர் அட்டை காத்திருப்புக்குத் திரும்பும் என்று சேர்த்தேன். அதன் பிறகுதான் உண்மையான கேள்வி வெளியே வந்தது: வரிசையில் நிற்கும்வரை பணத்தை நிறுத்துவதா, தொடர்வதா? மென்பொருளின் நிலையைப் பற்றித் தொடங்கிய சண்டை இங்கே வந்து நின்றது. நான் திட்டமிட்டதைவிட நல்ல கேள்வி இது.

நீங்கள் ஊகமாக வைத்த எண்கள் எவை என்று தனித் தாளில் எழுதிவையுங்கள். அலசலில் அந்தத் தாளை மேசையில் வைக்க வேண்டும். ஊகத்தை மறைத்து வைத்த ஆட்டம் பிரசாரம் ஆகிவிடும்.

5. பாத்திரங்களுக்கு நான்கு வரிகள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு வரிகள் போதும்: எனக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறேன், எனக்கு மட்டும் தெரிந்தது என்ன, என்னால் மட்டும் செய்ய முடிந்தது என்ன. நான்காவது வரியைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். செய்ய எதுவும் இல்லாத பாத்திரம் இரண்டாம் சுற்றில் கைபேசியை எடுத்துவிடும்.

நம் ஆட்டத்தில் அமைச்சர் கொள்கையை அறிவிக்கலாம். துறைச் செயலர் மென்பொருளின் நிலையை மாற்றலாம். விற்ற நிறுவனத்திடம் மட்டும் சோதனைத் தரவு இருக்கிறது. தணிக்கையாளர் ஒரு சுற்றில் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லலாம். பயனாளிகள் சங்கம் நீதிமன்றம் போகலாம். பத்திரிகையாளர் எந்த அட்டையையும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம். பாத்திரங்கள் ஆறுதான் என்பதால், அமைச்சர், சங்கம் என்று தொடங்கித் தேவையான பாத்திரங்களை இருவராக்குங்கள்; இருவர் தங்களுக்குள் வாதிடும்போது மனதில் ஓடுவது வெளியே கேட்கும்.

வில்லன் வேண்டாம். அந்தப் பாத்திரத்தை ஏற்பவர் கேலிச்சித்திரமாக நடிக்கத் தொடங்குவார், மற்றவர்கள் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். விற்ற நிறுவனத்தின் பிரதிநிதிக்கும் நியாயமான ஒரு கவலையைக் கொடுங்கள்.

ரகசியத் தகவலில் கவனம் தேவை. ஒரே ஒரு ரகசியம் வெளிவந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றால் ஆட்டம் துப்பறியும் வேலையாகிவிடும். ரகசியம் இக்கட்டைக் கூர்மையாக்க வேண்டும். சோதனைத் தரவு ஐந்து வருடம் பழையது என்று தெரிந்தால் சந்தேகம் கூடும். ஆனால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

6. காலத்தை விதியாக்குங்கள்

தொழில்நுட்பக் கொள்கை ஆய்வாளர் டேவிட் காலிங்ரிட்ஜ் 1980ல் ஒரு சிக்கலைத் தெளிவாகச் சொன்னார். ஒரு தொழில்நுட்பத்தை மாற்றுவது சுலபமாக இருக்கும் காலத்தில் அதன் விளைவு தெரியாது. விளைவு தெரியும் காலத்தில் மாற்றுவது கடினம். தொழில்நுட்பக் கொள்கை பற்றிய எந்த ஆட்டத்திலும் இது விதியாக இருக்க வேண்டும் என்பேன்.

மூன்று சுற்று வையுங்கள். திட்டத்தை மாற்ற முதல் சுற்றில் 1 டோக்கன், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 6. அமைச்சருக்குச் சுற்றுக்கு 4 டோக்கன். மிச்சம் அடுத்த சுற்றுக்குப் போகாது. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. முதல் சுற்றில் மாற்றுவது மலிவு, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. மூன்றாவதில் மேசை முழுக்க ஆதாரம், ஆனால் அமைச்சரால் தனியாக முடியாது. இன்னும் இரண்டு டோக்கன் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். அங்கே நடக்கும் பேரத்தைக் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள், அலசலுக்கு அதுதான் சரக்கு.

விளைவுகளையும் ஒரு சுற்று தாமதமாகக் காட்டுங்கள். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான, சரக்கு விநியோகம் பற்றிய பியர் கேம் ஆடியவர்களுக்கு இதன் வலு தெரியும்: கேட்ட சரக்கு வந்து சேரத் தாமதமாகும், அந்தத் தாமதத்தால் ஆட்டக்காரர்கள் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டுப் பின்னால் திணறுவார்கள்.

சுற்றுக்கு 25 நிமிடம். இறுக்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கெஞ்சினாலும் நீட்டிக்காதீர்கள். ஒருமுறை நீட்டித்தால் அடுத்த சுற்றில் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

7. எது நடந்தது என்று யார் தீர்ப்பது?

கணக்கால் வருவதைக் கணக்கே தீர்க்கட்டும். எத்தனை பேர் பட்டியலில், எத்தனை பேர் வரிசையில் என்பதில் விவாதம் கூடாது. மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை மட்டும் வாதத்துக்கு விடுங்கள்: நீதிமன்றம் தடை கொடுக்குமா, அதிகாரிகள் உத்தரவை மதிப்பார்களா.

அதற்கு விளையாட்டு வடிவமைப்பாளர் கிரிஸ் எங்கிள் உருவாக்கிய மேட்ரிக்ஸ் கேம் முறை நன்றாக வேலை செய்கிறது. நான் அதை எளிமையாக்கிப் பயன்படுத்துகிறேன். ஆட்டக்காரர் என்ன செய்கிறார், என்ன நடக்கும், ஏன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறுக்கலாம். பிறகு இரண்டு பகடை. கூட்டுத்தொகை 7 அல்லது மேல் வந்தால் நடக்கும். வலுவான காரணத்துக்கு ஒன்று கூட்டுங்கள், வலுவான மறுப்புக்கு ஒன்று கழியுங்கள்.

இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 7 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36ல் 21, அதாவது 58 சதவீதம். ஒன்று கூட்டினால் 72, ஒன்று கழித்தால் 42. ஒரு நல்ல வாதத்தின் எடை ஏறக்குறைய 15 சதவீதம். இதைவிட அதிகம் கொடுத்தால் நன்றாகப் பேசுகிறவரே எப்போதும் ஜெயிப்பார்.

8. காகிதத்தில் மூன்று முறை உடைத்துப் பாருங்கள்

முதலில் தனியாக. எல்லாப் பாத்திரத்தையும் நீங்களே ஆடுங்கள். கணக்கு உதைக்கும் இடம் தெரியும். இரண்டாவது மூன்று பேரோடு. விதி புரியாத இடம் தெரியும். மூன்றாவது முழுக் குழுவோடு. இக்கட்டு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மென்பொருளில் கட்டும் ஆசையை அதுவரை ஒத்திப்போடுங்கள். காகித அட்டையை ஒரு நிமிடத்தில் கிழித்துவிடலாம். இரண்டு மாதம் உழைத்து எழுதிய நிரலைத் தூக்கிப்போட மனசு வராது.

சோதனையில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. விதியைப் பற்றி யாராவது கேட்டால் கேள்வியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டே இருந்தால் ஆட்டம் நன்றாக ஓடுவது போலத் தெரியும், நீங்கள் இல்லாத அறையில் நின்றுவிடும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

9. அலசலை நடத்துவது

மொத்த நேரத்தில் கால் பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் கடைசிச் சுற்றை வெட்டுங்கள், அலசலை வெட்டாதீர்கள்.

முதலில் பெயர் அட்டைகளைக் கழற்றி மேசை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இதைச் செய்யாவிட்டால் அமைச்சராக ஆடியவர் அரை மணி நேரம் தன் முடிவையே நியாயப்படுத்திக்கொண்டிருப்பார்.

அப்புறம் இந்த வரிசை: ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் மனநிலை; பிறகு என்ன நடந்தது; பிறகு ஏன்; கடைசியில் வெளியுலகம். மனநிலையை முதலில் வெளியே விடாவிட்டால் அது "ஏன்" என்ற கேள்விக்குள் புகுந்து சண்டையாகிவிடும். தோற்றதாக நினைப்பவர், அதிகம் பேசாதவர் ஆகியோரிடம் இருந்து தொடங்குங்கள்.

"நிஜத்தில் இப்படி நடக்காது" என்று ஒருவர் சொல்வார். அவரோடு வாதிடாதீர்கள். ஊகத் தாளை அவரிடம் நீட்டி, எந்த வரியை மாற்றுவீர்கள், மாற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சில நேரம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்; அந்த வரியை அங்கேயே அடித்துத் திருத்துங்கள், அடுத்த குழு திருத்திய தாளோடு ஆடட்டும்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஒன்றாம் படியில் எழுதிய மூன்று கேள்விகளும் பேசி முடியும்வரை சொல்ல வேண்டாம். நெறியாளர் சொன்ன நொடியில் அது "சரியான விடை" ஆகிவிடும், அறை அமைதியாகிவிடும். பேசி முடிந்த பின் தாராளமாகச் சொல்லலாம்.